பதினொரு கைகள்

ஆலையில் எனக்கு எடைப்பாலம்.
குலை ஏற்றிய லாரி வந்து நிற்கும், எழுதுவேன்.
கொட்டிவிட்டு வெறும் லாரி வந்து நிற்கும், கழிப்பேன்.
நாளுக்கு முந்நூறு டன்
என் கையெழுத்தைத் தாண்டி எண்ணெயாகப் போகிறது.

இரவு எட்டரைக்கு மேல்
என் மேசையில் ஓர் ஆள் பதினான்கு கிராம்.

ஈயத்தில் வார்த்த விண்வெளி வீரர்கள்.
பிஸ்கட் டின்னோடு சேர்த்து நாற்பது வெள்ளி.
பட்டர்வொர்த்தில் கடையைக் காலி செய்தவர்
எண்ணாமலே அள்ளிக் கொடுத்தார்.
பாதத்தடியில் 1983 என்று பொறித்திருக்கிறது.
என்னைவிட மூத்தவர்கள்;
இத்தனை வருடம் துப்பாக்கியை நீட்டியே நின்றும்
ஒருவரையும் சுட்டதில்லை.

எங்கள் சனிக்கிழமை ஆட்டத்துக்குத் துப்பாக்கி ஆகாது.
அது குகை, சாபம், புதையல்,
இருபது முகப் பகடை.
ஆகவே முதலில் கைகளை வெட்டினேன்.
நகவெட்டி வாய் மழுங்கிப் போயிற்று.
கீழ்த்தளத்து டயர் கடையிலிருந்து
ஆ ஹோக் குறடு கொண்டுவந்தான்.
ஜன்னலைத் திற, மூக்கைக் கட்டு, ஈயத்தூள் என்றான்,
நாளெல்லாம் ரப்பர் புகை தின்கிறவன்.

வெட்டியவற்றை எறிய மனமில்லை.
தைல டப்பாவில் போட்டு மூடினேன்.

யுகேந்திரனுக்கு வாள் வேண்டாமாம்.
அவன் அண்ணன் செம்பனையில் குலை வெட்டுகிறவர்;
அந்த நீளக் கொக்கி அரிவாள்தான் வேண்டும்.
கித்தார் கம்பி ஒரு சாண் நறுக்கி,
சார்டின் டின் ஓரத்தைப் பிறையாகத் தேய்த்து
ஒட்டிக் கொடுத்தேன்.
தளபதி இப்போது தன்னைவிட உயரமான ஆயுதத்தோடு
வானத்தைப் பார்க்கிறார்,
ஏதோ பழுத்திருக்கிறதா என்று.

நஸ்ரினின் விமானிக்கு
முதுகு எரிவாயு உருளையே அம்பறாத்தூணி.
பல்துலக்கி நார் ஏழு, ஏழு அம்பு.

ஆ ஹோக்கின் இயந்திர மனிதன் பூசாரி.
மார்பில் மூன்று பொத்தான், சுரண்டட்டுமா என்றேன்.
இருக்கட்டும், சாமிக்கு அழைக்க ஏதாவது வேண்டுமே என்றான்.

தோலுக்கு வரும்போது
குப்பியில் ஒரே நிறம், இளஞ்சிவப்பு.
கொஞ்சம் பழுப்பு, ஒரு சொட்டு மஞ்சள்,
தட்டில் லோஷினியின் கன்னத்தைக் கிட்டத்தட்டப் பிடித்துவிட்டேன்.
அவள் எட்டிப் பார்த்தாள்.
கிளினிக்கில் நாள் முழுக்க இதே மூஞ்சிதான்,
எனக்கு நீலம் அடி என்றாள்.
எந்த ஊர்க்காரி என்று எவனும் ஊகிக்க முடியாத நீலம்.
அடித்தேன். மந்திரக்காரி.

மிச்சம் ஒரு மூன்று கைப் பல்லி.
அவனாக ஆட ஒருவரும் முன்வரவில்லை.
அதனால் எல்லார் மூட்டையும் அவன் முதுகில்,
பந்தமும் அவன் பிடியில்.
சுமக்கிறவனுக்கு என்ன பெயர் என்று கேட்டேன்.
‘தொரை’ என்றான் யுகேந்திரன்.
சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.
வீட்டுக்கு வந்து, ஒற்றை மயிர்த் தூரிகையால்,
தொரைக்கு முழங்கால் வரை
வெள்ளைக் காலுறை வரைந்தேன்.

ஐந்து பேரும் காய்ந்தார்கள்.
எனக்குக் கணக்கு விட்டுப்போகக் கூடாது:
நால்வருக்கு எட்டு, தொரைக்கு மூன்று.
டப்பாவைத் திறந்தேன்.
பதினொரு கை,
ஒவ்வொன்றும் இன்னும் துப்பாக்கியை விடவில்லை.

ஆலைக்குப் பின்னால் வெட்ட மறந்த
ஒரே ஒரு ரப்பர் மரம் உண்டு.
அதன் கொட்டை ஒன்று, பழுப்பு, கறுப்புப் புள்ளி, பளபளப்பு;
சாயமே தேவையில்லை.
ஊசியைச் சூடாக்கிப் பதினொரு துளை போட்டேன்.

சனிக்கிழமை, பாடாங் செராயில் நல்ல மழை.
குகைக் கதவு திறக்கிறது என்று சொல்லி
அதை மேசை நடுவில் வைத்தேன்.

தகரத்தில் மழை மட்டும் பேசியது.
லோஷினி குனிந்தாள், கண்ணாடியை மேலேற்றினாள்.
இடப்பக்கம் மேலே இரண்டாவது,
அது என் கை இல்லையா?
யுகேந்திரன் தன்னுடையதைத் தேடினான்.
ஆ ஹோக் ஏற்கெனவே கண்டுபிடித்து
வாயைத் திறக்காமல் இருந்தான்.

இதை அடிக்கலாமா, என்றாள் நஸ்ரின்.

பகடையை அவள் பக்கம் தள்ளினேன்.